தொட்டிக்குள் ஒரு ஏரி: ஆக்ஸலாட்டில் வளர்ப்பு விதிகள் எங்கிருந்து வந்தன?

ஆக்ஸலாட்டில் வளர்க்க ஆசைப்படுபவர்கள் எங்கே போய்க் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் கிடைக்கும். தண்ணீர் 16 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். தரையில் கூழாங்கல் போடக் கூடாது. ஃபில்டரிலிருந்து வரும் நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும். மீன்களோடு சேர்த்து விடக் கூடாது. வெளிச்சம் குறைவாக, ஒளிந்துகொள்ள ஒரு குகையோடு இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், விலங்கு வருவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதை "சைக்கிள்" பண்ண வேண்டும்.

பழைய சாஃப்ட்வேர்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். நிரலில் எங்கேயாவது காரணமே சொல்லாமல் ஒரு விசித்திரமான எண் உட்கார்ந்திருந்தால், அதற்குப் பின்னால் எப்போதோ ஒரு ராத்திரி நடந்த விபத்து ஒன்று இருக்கும். அந்தக் கதை தெரியாமல் எண்ணை மாற்றினால் மறுபடியும் அதே விபத்து. இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. 18 டிகிரி என்று யார் முடிவு செய்தது? ஏன் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்? தேடிப் போனதில் ஒரு ஏரி, ஒரு படையெடுப்பு, சாக்கடை நீரை ஆராய்ந்த இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள், ஒரு பீர் ஆலை வேதியியலாளர் என்று கதை எங்கெங்கோ போனது. அதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஆக்ஸலாட்டில் மீன் இல்லை. தவளை, தேரை போல நீர்நில வாழ்வி. சலமாண்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. தலையின் இரு பக்கமும் இறகு மாதிரி செவுள்கள், நான்கு கால்கள், எப்போதும் சிரிப்பது போல ஒரு வாய். 20 முதல் 30 செண்டிமீட்டர் வரை வளரும். நல்ல பராமரிப்பில் 10, 15 ஆண்டுகள் இருக்கும். 2021ல் மைன்கிராஃப்ட் விளையாட்டில் சேர்க்கப்பட்ட பிறகு உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கு இதன் பெயர் தெரிந்துவிட்டது. அதே ஆண்டு மெக்சிகோ தன் 50 பெசோ நோட்டில் இதன் படத்தை அச்சிட்டது.

மும்பையின் அட்சரேகை, ஊட்டியின் உயரம்

முதலில் அந்த 18 டிகிரி. ஆக்ஸலாட்டிலின் சொந்த ஊர் மெக்சிகோ பள்ளத்தாக்கு. இன்றைய மெக்சிகோ நகரம் இருக்கும் இடம். மேப்பில் பார்த்தால் வடக்கு அட்சரேகை 19 டிகிரி. அதாவது நம்ம மும்பைக்கு நேர். வெப்ப மண்டலம்தானே, தண்ணீர் வெதுவெதுப்பாகத்தானே இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் தரையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது ஊட்டியின் உயரம்.

இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ஐந்து ஏரிகள் இருந்தன. வடக்கே சும்பாங்கோ, ஷால்தோகான். நடுவில் பெரியதாக டெக்ஸ்கோகோ. தெற்கே சோச்சிமில்கோ, சால்கோ. பள்ளத்தாக்கிலிருந்து நீர் வெளியேற இயற்கையான வழி கிடையாது. அதனால் தாழ்வான டெக்ஸ்கோகோவில் உப்பு சேர்ந்துகொண்டே போனது. தெற்கே இருந்த இரண்டு ஏரிகள் சற்று மேட்டில் இருந்தன. மலையடிவார ஊற்றுகளிலிருந்து அவற்றுக்கு நல்ல தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஆக்ஸலாட்டில் அந்த இரண்டு ஏரிகளின் விலங்கு.

ஊற்று நீர், மலை உயரம், ஆழமில்லாத, அலையில்லாத ஏரி. தொட்டிக்கான பட்டியலில் பாதி இங்கேயே வந்துவிட்டது. குளிர்ச்சி, மெதுவான நீர், செடிகளின் நிழல்.

அந்த நிழலுக்கு மனிதர்களும் காரணம். சோச்சிமில்கோவில் சினாம்பா என்றொரு விவசாய முறை உண்டு. ஆழமில்லாத ஏரியில் சேற்றையும் நீர்த்தாவரங்களையும் அடுக்கடுக்காகக் குவித்து நீள்சதுரத் திட்டுகள் உண்டாக்குவார்கள். ஓரங்களில் அஹுவெஹோத்தே என்ற வில்லோ வகை மரங்களை நட்டு, அவற்றின் வேரால் கரையைக் கட்டுவார்கள். திட்டுகளுக்கு நடுவே கால்வாய்கள். 1325ல் மெஷிகா மக்கள் நிறுவியதாகச் சொல்லப்படும் டெனோச்டிட்லான் தலைநகரத்துக்கு இந்தத் திட்டுகள்தான் சோறு போட்டன. கால்வாய்களில் ஆக்ஸலாட்டிலும் சேர்ந்தே வாழ்ந்தது. காடு கழனி ஆனால் காட்டுயிர் அழியும் என்பதுதான் நாம் வழக்கமாகக் கேட்கும் கதை. இங்கே பல நூற்றாண்டுகளுக்கு அப்படி நடக்கவில்லை.

ஓடி ஒளிந்த கடவுள்

பெயர்க் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நாவாத்ல் மொழியில் "ஆத்ல்" என்றால் தண்ணீர். "ஷோலோத்ல்" ஒரு கடவுள். நாய்த் தலை கொண்டவர். இரண்டும் சேர்ந்ததுதான் ஆக்ஸலாட்டில். மெக்சிகோவில் இன்று ஸ்பானிய மொழியில் அஹோலோத்தே என்கிறார்கள்.

16ஆம் நூற்றாண்டில் பெர்னார்டினோ தெ சாகுன் என்ற பாதிரியார் நாவா மக்களிடம் கேட்டுத் தொகுத்த பெரிய நூலில் இந்தக் கதை வருகிறது. புதிய சூரியன் உதித்தும் நகராமல் நிற்கிறது. அதை நகர்த்த எல்லாக் கடவுள்களும் உயிரைக் கொடுக்க வேண்டும். ஷோலோத்லுக்கு மட்டும் மனசில்லை. ஓடிப்போய் மக்காச்சோளக் கொல்லையில் இரட்டைத் தட்டையாக மாறி நிற்கிறார். கண்டுபிடித்துவிடுகிறார்கள். கற்றாழைக் காட்டில் இரட்டைக் கற்றாழையாகிறார். அங்கேயும் மாட்டிக்கொள்கிறார். கடைசியில் தண்ணீருக்குள் இறங்கி ஆக்ஸலாட்டிலாக மாறுகிறார். அங்கே பிடித்துக் கொன்றுவிடுகிறார்கள்.

சாக மறுத்து, உருவம் மாறி, தண்ணீருக்குள் ஒளிந்த கடவுள். வெட்டுப்பட்ட கால் திரும்ப முளைக்கும், வயது வந்தும் குஞ்சுப் பருவத்திலேயே நிற்கும் ஒரு விலங்குக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள், அதை நன்றாகக் கவனித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

பாரிஸுக்கு வந்த 34

ஐரோப்பிய விஞ்ஞானிகளுக்கு இது நீண்ட நாள் தலைவலியாக இருந்தது. அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் தன் அமெரிக்கப் பயணத்திலிருந்து 1804ல் பாரிஸ் திரும்பியபோது இரண்டு பதப்படுத்திய உடல்களைக் கொண்டுவந்தார். ஜார்ஜ் குவியே அவற்றை அறுத்துப் பார்த்து, இது ஏதோ ஒரு சலமாண்டரின் குஞ்சாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அப்படியானால் பெரியது எங்கே? யாரும் பார்த்ததில்லை.

விடை கிடைக்க உயிருள்ள விலங்கு வேண்டும். அது வந்தது ஒரு போரின் பக்க விளைவாக. 1860களில் மூன்றாம் நெப்போலியன் மெக்சிகோ மீது படையெடுத்தார். படையோடு இயற்கை ஆய்வுச் சேகரிப்பும் நடந்தது. 1864ல் 34 ஆக்ஸலாட்டில்கள் உயிரோடு பாரிஸுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று வெள்ளை. ஆறு விலங்குகள் ழார்தான் தெ ப்ளாந்த் தோட்டத்தில் இருந்த அருங்காட்சியகத்தின் ஊர்வன பிரிவுக்குப் போயின. அதன் பொறுப்பாளர் ஒகுஸ்த் டூமேரில். ஆறில் ஒன்று மட்டுமே பெண்.

1865 ஜனவரியில் அந்தப் பெண் முட்டையிட்டது. குஞ்சு என்று குவியே முடிவுகட்டிய விலங்கு முட்டையிடுகிறது! அப்படியானால் இதுதான் முழு வளர்ச்சி என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இன்னொரு குழப்பம். முட்டையிலிருந்து வந்தவற்றில் சில, செவுள்களை இழந்து, வாலின் துடுப்பு மறைந்து, உடம்பில் மஞ்சள் புள்ளிகளோடு நிலத்துச் சலமாண்டராக மாறிவிட்டன. அம்மா அப்பா இன்னும் தண்ணீருக்குள் செவுள்களோடு இருக்க, பிள்ளைகள் கரையேறிவிட்டன.

டூமேரில் தன்னிடம் பெருகியவற்றை ஐரோப்பா முழுக்க இருந்த ஆய்வாளர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் அனுப்பினார். இன்று உலகின் ஆய்வகங்களில் இருக்கும் ஆக்ஸலாட்டில்களில் பெரும்பாலானவை அந்த பாரிஸ் கூட்டத்தின் வழி வந்தவை. ஆய்வகத்தில் தொடர்ந்து தானே இனம் பெருக்கி வரும் விலங்குக் கூட்டங்களில் மிகப் பழையது இதுதான். செல்லப்பிராணிகளாக விற்கப்படும் வெள்ளை ஆக்ஸலாட்டில்களைப் பார்க்கும்போது, 1864ல் வந்த அந்த ஒற்றை வெள்ளையை நினைத்துக்கொள்ளலாம்.

கரையேற வைத்த பெண், தைராய்டு தின்ன வைத்தவர்கள்

சில கரையேறுகின்றன, பல ஏறுவதில்லை. ஏன்? டூமேரில் செவுள்களை வெட்டிப் பார்த்தார். தெளிவான விடை கிடைக்கவில்லை.

1870களில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் மரீ ஃபான் ஷோவின் என்ற பெண், ஆகஸ்ட் வைஸ்மன் கேட்டுக்கொண்டதற்காக வேறு வழியை முயன்றார். தொட்டியில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். விலங்கின் உடம்பு பாதி வெளியே தெரிகிற அளவுக்கு வந்ததும் ஈரமான நிலத்துக்குப் பழக்கினார். பொறுமையாக, நன்றாக உணவு கொடுத்து. அவை உருமாறின. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் மூடியிருந்த காலத்தில், தொட்டி பராமரிப்பில் அவருக்கு இருந்த கைப்பக்குவம் அந்த வேலையைச் செய்தது.

உள்ளே நடப்பது என்ன என்று புரிந்தது இன்னும் பிறகுதான். 1913ல் செக் விஞ்ஞானி வில்லெம் லௌஃப்பெர்கர் ஆக்ஸலாட்டிலுக்குத் தைராய்டு சுரப்பியை உணவாகக் கொடுத்து உருமாற வைத்தார். 1920ல் ஜூலியன் ஹக்ஸ்லி மாட்டின் தைராய்டைக் கொடுத்து அதையே செய்ய, பத்திரிகைகள் அதைப் பெரிய செய்தியாக்கின. உருமாற்றத்துக்கான நிரல் அதன் உடம்பில் அப்படியே இருக்கிறது. அதைத் தொடங்கிவைக்கும் ஹார்மோன் சமிக்ஞைதான் போதிய அளவில் வருவதில்லை. எப்போதும் நீர் இருக்கும், பெரிய எதிரிகள் இல்லாத ஏரியில் கரையேற வேண்டிய அவசியமே இல்லாமல் போனதால் இப்படி ஆகியிருக்கலாம் என்று விளக்குவார்கள்.

வளர்ப்பவர்களுக்கு இதிலிருந்து நேரடியாக ஒரு பாடம் உண்டு. உருமாறிய ஆக்ஸலாட்டில் பொதுவாக நீண்ட நாள் இருப்பதில்லை. அதனால் யாராவது அயோடின் கலந்த மருந்தைத் தண்ணீரில் விடச் சொன்னால் செய்யாதீர்கள். தைராய்டு ஹார்மோனுக்கு மூலப்பொருளே அயோடின்தான்.

20 நாள் சும்மா இருந்த குழாய்

அடுத்து, அந்த ஒரு மாதக் காத்திருப்பு. புதிதாக வளர்ப்பவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாரிஸுக்கு ஆக்ஸலாட்டில் வந்தபோது கண்ணாடித் தொட்டியே புதுசு. 1850ல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் தன் சோதனையை வெளியிட்டார்: இரண்டு தங்கமீன், ஒரு வல்லிஸ்னேரியா நீர்ச்செடி. செடியின் அழுகிய இலைகள் தண்ணீரைக் கெடுத்தன. குளத்து நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன. தண்ணீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை மூன்றும் சேர்ந்தால் சமநிலை. 1853ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தது. அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகத்தால் "அக்வேரியம்" என்ற சொல்லே வீட்டுச் சொல்லாகிவிட்டது.

வாரிங்டன் சொன்னதில் பாதிதான் இருந்தது. ஆக்சிஜன் கணக்கு சரி. ஆனால் விலங்கின் கழிவிலிருந்து வரும் அமோனியா எங்கே போகிறது? அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர்கள் மீன் வளர்ப்பவர்கள் இல்லை. 1877ல் பிரான்ஸில் தியோஃபில் ஷ்லோசிங், அஷில் மூன்ட்ஸ் என்ற இருவரும் சாக்கடை நீரை மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய ஒரு நீண்ட குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முதல் 20 நாட்கள் ஒன்றுமே நடக்கவில்லை. உள்ளே போன அமோனியா அப்படியே வெளியே வந்தது. அதற்குப் பிறகு திடீரென்று அமோனியா குறைய ஆரம்பித்தது. நைட்ரேட் வர ஆரம்பித்தது. வெறும் வேதிவினை என்றால் 20 நாள் எதற்குக் காத்திருக்க வேண்டும்? உயிருள்ள ஏதோ ஒன்று உள்ளே பெருகியிருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே செலுத்தினார்கள். வினை நின்றுவிட்டது. பிறகு கொஞ்சம் தோட்டத்து மண்ணைக் கலந்து ஊற்றினார்கள். மறுபடியும் தொடங்கியது!

இன்று ஒருவர் புதுத் தொட்டியை "சைக்கிள்" பண்ணும்போது செய்வது அச்சு அசலாக இதே சோதனைதான். தொட்டி நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, பாட்டில் அமோனியாவை 2 பிபிஎம் அளவுக்கு விட வேண்டும். முதலில் பல நாட்கள் எதுவும் அசையாது. பிறகு அமோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். அதன் பிறகு நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் ஏறும். விட்ட அமோனியாவும் அதிலிருந்து வந்த நைட்ரைட்டும் 24 மணி நேரத்துக்குள் பூஜ்யம் ஆகிவிட்டால் தொட்டி தயார். நாலிலிருந்து எட்டு வாரம் ஆகலாம். ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் சீக்கிரம் ஆகும். அதுதான் அந்தத் தோட்டத்து மண்.

1890ல் செர்கெய் விநோகிராட்ஸ்கி இந்த நுண்ணுயிர்களைத் தனித்துப் பிரித்துக் காட்டினார். அமோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறொரு வகை என்பது தெளிவானது. நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாவது வேலையைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டிய ஆய்வு 1998ல்தான் வந்தது.

அளப்பதற்கு நாம் வாங்கும் சோதனைக் கருவிக்கும் கதை உண்டு. நைட்ரைட் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் சோதனை, பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியருடைய 19ஆம் நூற்றாண்டு வேதியியலிலிருந்து வந்தது. அவர் இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்தவர். அவருடைய பெயரால் அது இன்றும் கிரீஸ் சோதனைதான்.

சோச்சிமில்கோவில் இந்த நுண்ணுயிர்கள் கால்வாய்ச் சேற்றிலும் மரவேர்களிலும் இருந்தன. தொட்டியில் அவற்றுக்கு இருக்க இடம் ஃபில்டர் பஞ்சுதான். அதைக் குழாயடியில் வைத்துக் கசக்கிக் கழுவினால், குளோரோஃபார்ம் போட்டது மாதிரிதான். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும்.

குழாய்த் தண்ணீர்

குழாயடி ஏன் ஆகாது என்றால், குளோரின். 1908ல் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் ஜான் லீல் என்ற மருத்துவரின் முயற்சியால் குடிநீரில் தொடர்ந்து குளோரின் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்த வழக்கம் உலகம் முழுக்கப் பரவி, டைஃபாய்டு, காலராவிலிருந்து கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது. ஆனால் நம்மைக் காப்பாற்றும் அதே பொருள் செவுள்களை எரிக்கும், ஃபில்டர் நுண்ணுயிர்களையும் கொல்லும். சோடியம் தையோசல்ஃபேட் கலந்த திரவங்கள் கடையில் கிடைக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும் என்பது வெறும் குளோரினுக்குத்தான் பொருந்தும். குளோரமைன் சேர்க்கும் ஊர்களில் அது எளிதில் போகாது.

இன்னொன்று, ரொம்ப மென்மையான தண்ணீர் ஆக்ஸலாட்டிலுக்கு ஒத்துக்காது. ஆர்ஓ தண்ணீரை அப்படியே ஊற்றினால் சிக்கல். 1930களில் யோஹான்னஸ் ஹோல்ட்ஃப்ரேட்டர் நீர்நில வாழ்விகளின் கருக்களைக் காப்பாற்ற உருவாக்கிய உப்புக் கரைசலை நீர்த்துப் பயன்படுத்துவது ஆய்வகங்களில் இன்றும் வழக்கம். சோடியம், பொட்டாசியம், கால்சியம் உப்புகளோடு கொஞ்சம் பைகார்பனேட். வீட்டில் ஓரளவு கடினமான குழாய்த் தண்ணீரே போதும், குளோரினை நீக்கிவிட்டால்.

வாயைத் திறந்தால் உள்ளே போய்விடும்

கூழாங்கல் விஷயம் எளிது. ஆக்ஸலாட்டில் கடித்துத் தின்பதில்லை. வாயைச் சட்டென்று திறந்து, எதிரே இருப்பதைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். ஏரியில் அடியில் இருந்தது மெல்லிய சேறு. உள்ளே போனாலும் வெளியே வந்துவிடும். தொட்டியில் அழகுக்காகப் போட்ட கோலிக்குண்டு அளவு கல் உள்ளே போனால் குடலை அடைத்துவிடும். வெறும் கண்ணாடித் தரை போதும். போட்டால் மிக மெல்லிய மணல், இல்லாவிட்டால் விழுங்கவே முடியாத அளவுக்குப் பெரிய கற்கள்.

மீன் சேர்க்காததற்கும் ஏரிதான் காரணம். ஆக்ஸலாட்டிலின் செவுள் ஆடுவது மீனுக்குப் புழு மாதிரி தெரியும், கடித்துவிடும். சோச்சிமில்கோவில் பெரிய மீன்கள் கிடையாது. தண்ணீருக்குள் இதுதான் ராஜா. பயம் எல்லாம் மேலிருந்து குத்தும் கொக்குகளிடம்தான். ஆக்ஸலாட்டில்களை ஒன்றாக விட்டாலும், முக்கியமாகச் சின்ன வயதில், ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். கால் முளைத்துவிடும், அது உண்மைதான். அதற்காகக் கடிக்க விடலாம் என்று ஆகாது. கண்ணை மூட இமையும் கிடையாது. எனவே ஒரு குகையும் மங்கலான வெளிச்சமும் அதற்கு அவசியத் தேவை. ஒன்றுக்கு 75 முதல் 110 லிட்டர் வரை தண்ணீர், மேலே ஒரு மூடி.

ஏரியைத் தொலைத்த கதை

இவ்வளவும் ஏரியிலிருந்து வந்தது. அந்த ஏரி என்ன ஆயிற்று?

1521ல் ஸ்பானியர்கள் டெனோச்டிட்லானைப் பிடித்து அதன் மேலேயே தங்கள் நகரத்தைக் கட்டினார்கள். தண்ணீரோடு வாழ்ந்த நகரம், தண்ணீரை எதிரியாகப் பார்க்கும் நகரமானது. 1607ல் என்ரிகோ மார்ட்டினெஸ் பள்ளத்தாக்கின் நீரை வெளியேற்ற மலையைக் குடைந்து கால்வாய் தொடங்கினார். 1629ல் வந்த வெள்ளத்தில் நகரம் சுமார் ஐந்து ஆண்டுகள் தண்ணீரில் கிடந்தது. அதற்குப் பிறகு ஏரிகளை வடிப்பது பல தலைமுறைகளின் லட்சியமாகவே ஆகிவிட்டது. 1900ல் அதிபர் போர்ஃபிரியோ தியாஸ் பெரிய வடிகால்வாயைத் திறந்துவைத்தார். ஆக்ஸலாட்டிலின் இரண்டு வீடுகளில் ஒன்றான சால்கோ ஏரி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விவசாய நிலத்துக்காக வடிக்கப்பட்டது.

மிஞ்சியது சோச்சிமில்கோ. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் ஊற்றுகளைக் குழாய் போட்டு நகரத்தின் குடிநீருக்குக் கொண்டுபோனார்கள். ஊற்றுகள் வற்றின. கால்வாய்கள் காயாமலிருக்க அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் சுத்திகரித்த கழிவு நீரை விட்டார்கள். மீன் வளர்ப்புக்காகக் கெண்டையும் திலாப்பியாவும் விடப்பட்டன. அவை ஆக்ஸலாட்டிலின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. குளிர்ச்சி, சுத்தம், துணைமீன் இல்லாமை: பட்டியலில் உள்ள ஒவ்வொரு விதியும் ஏரியிலேயே மீறப்பட்டது.

கணக்கெடுப்பு எண்கள் இவை. 1998ல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6,000 ஆக்ஸலாட்டில்கள். 2008ல் 100. 2014ல் 36.

தொட்டியிலிருந்து திரும்பும் வழி

உலகெங்கும் தொட்டிகளில் இவ்வளவு இருக்கிறதே, கொண்டுபோய் விட்டால் என்ன? கேட்கத் தோன்றும். முடியாது. 1962ல் ரூஃபஸ் ஹம்ஃப்ரி என்ற அமெரிக்க ஆய்வாளர் அல்பினோ நிறத்தைக் கொண்டுவர ஆக்ஸலாட்டிலை டைகர் சலமாண்டரோடு இனக்கலப்பு செய்தார். ஆய்வகக் கூட்டத்தில் அந்த மரபணுத் துண்டுகள் இன்னும் கலந்திருப்பது 2017ல் உறுதியானது. செல்லப்பிராணிச் சந்தையில் இருப்பவையும் பெரும்பாலும் இதே வழி. போதாக்குறைக்கு 160 ஆண்டுகளாகச் சின்னக் கூட்டத்துக்குள்ளேயே இனப்பெருக்கம், தொட்டியில் ஒட்டிக்கொண்ட நோய்கள். நம் வீட்டு ஆக்ஸலாட்டில் பெயரளவில் சோச்சிமில்கோவின் பேரன். அங்கே அதை அனுப்ப முடியாது. இங்கே நம்ம குளத்திலும் விடக் கூடாது.

அதனால் மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் சம்ப்ரானோவின் குழு வேறு மாதிரி யோசித்தது. சினாம்பா விவசாயிகளோடு சேர்ந்து, சில கால்வாய்களின் வாயை எளிய வடிகட்டிகளால் அடைத்தார்கள். தண்ணீர் வடிகட்டி வரும். கெண்டையும் திலாப்பியாவும் வராது. உள்ளே ரசாயனம் இல்லாத பழைய முறை விவசாயம். வளர்ப்பில் பிறந்த 18 ஆக்ஸலாட்டில்களை அப்படி ஒரு கால்வாயிலும், நகரத்தில் மீட்டெடுக்கப்பட்ட ஒரு குளத்திலுமாக விட்டு, டிரான்ஸ்மிட்டர் பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். 2025ல் முடிவு வெளியானது. கண்காணித்த நாட்களில் எல்லாமே பிழைத்திருந்தன. திரும்பப் பிடித்துப் பார்த்தவை எடை கூடியிருந்தன. தொட்டியில் பிறந்தவை வேட்டையாடத் தெரிந்திருந்தன.

ஏரி கற்றுக்கொடுத்ததை வைத்துத் தொட்டி செய்தோம். இப்போது அந்தத் தொட்டியின் விதிகளை வைத்து ஏரிக்குள் கால்வாய் கால்வாயாக இடம் ஒதுக்குகிறார்கள்.

டூமேரிலின் பெயர் இன்னொரு ஏரியில் இருக்கிறது. மெக்சிகோவின் பாட்ஸ்குவாரோ ஏரியில் மட்டும் வாழும் ஆக்ஸலாட்டிலின் உறவுக்காரனுக்கு 1870ல் அவர் பெயரைச் சூட்டினார்கள். உள்ளூரில் அச்சோக்கே என்பார்கள். அதுவும் அழிவின் விளிம்பில். பாட்ஸ்குவாரோவின் டொமினிகன் கன்னியாஸ்திரிகள் இருமல் மருந்து தயாரிப்பதற்காக அதை மடத்துக்குள் தொட்டிகளில் வளர்த்து வருகிறார்கள். இப்போது அந்த இனத்தின் முக்கியமான காப்பிடங்களில் அந்த மடமும் ஒன்று.

வாங்குவதற்கு முன்

சென்னை, மதுரை மாதிரி ஊர்களில் மே மாதம் ஒரு வாளித் தண்ணீர் சும்மா இருந்தாலே 30 டிகிரியைத் தொடும். 24ஐத் தாண்டினாலே ஆக்ஸலாட்டில் திணற ஆரம்பிக்கும். மேலே ஒரு ஃபேன் வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அதுவும் கிடைக்காது. பாட்டிலில் ஐஸ் போட்டு மிதக்கவிடுவது ஏற்ற இறக்கத்தைத்தான் அதிகமாக்கும். வழி ஒன்றுதான்: தெர்மோஸ்டாட் உள்ள சில்லர், கரண்ட் போனால் அதற்கு ஒரு மாற்று.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்ஸலாட்டில் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022ல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். கடைக்காரரிடம் அதற்கான காகிதங்களைக் கேளுங்கள்.

என் யோசனை இதுதான். முதலில் தொட்டி, சில்லர், ஃபில்டர், தெர்மாமீட்டர், சோதனைக் கருவி. விலங்கு வேண்டாம். அமோனியா விட்டு சைக்கிள் முடியும்வரை தினமும் எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு கோடைகாலத்தை அந்தக் காலித் தொட்டி 18 டிகிரியில் தாண்டிவிட்டால், அப்புறம் வாங்கலாம். தாண்டவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் அந்த ஆய்வகம் ஆக்ஸலாட்டில் தத்தெடுப்பு என்று ஒரு திட்டம் நடத்துகிறது. நம் வீட்டுக்கு எதுவும் வராது. கொடுக்கும் பணம் சோச்சிமில்கோ கால்வாய்களை மீட்கும் வேலைக்குப் போகும். சில்லரின் விலையையும் மாதாந்தரக் கரண்ட் பில்லையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.